மண்வெட்டியை எடுத்த தோட்டக்காரன்



சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணியின்மேல் அன்புகொண்ட வாலிபர் எவரும் 2019-ஆம் ஆண்டின் அக்டோபர், நவம்பர் மாதங்களை மறந்திருக்கமாட்டார்கள். இந்தியன் சூப்பர் லீக்கின் அந்தப் பருவத்தில், முதல் நான்கு ஆட்டங்களில் அவ்வணி ஒரு கோல்கூட அடிக்கவில்லை. கோவாவிடமும் பெங்களூருவிடமும் 0–3 எனத் தோற்றது. சொந்த அரங்கில் மும்பையோடு கோலின்றிச் சமன் செய்தது, கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியிடம் 0–1 என வீழ்ந்தது.

கோலுக்கு அருகில் சென்ற பந்து வீணாகும்போது பார்வையாளரிடையே என்ன நடக்கும் என்பதை அறிவீர்கள். முதலில் எல்லாருடைய நெஞ்சிலிருந்தும் ஒரே பெருமூச்சு எழும். கைகள் தலைக்குப் போகும். அடுத்து வசை பிறக்கும்: "இதைக்கூட அடிக்கத் தெரியாதா? இவனை வெளியே அனுப்புங்கள்!"

அந்த ஏமாற்றத்தை நான் குறைகூற மாட்டேன். அன்பு இல்லாதவனுக்கு ஏமாற்றமும் இல்லை. ஆனால், பெருமூச்சுக்குப் பின் நம் வாய் என்ன பேசுகிறது, நம் கை என்ன செய்கிறது என்பதே கேள்வி.

லூக்கா 13-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன அத்திமரத்தின் உவமையை நினைத்துப் பாருங்கள். எஜமான் மூன்று ஆண்டுகள் கனி தேடி வந்து வெறுங்கையோடு திரும்புகிறார். அவருடைய கணக்கில் பிழையில்லை. தோட்டக்காரனும் அந்தக் கணக்கை மறுக்கவில்லை. மரம் நல்ல மரம் என்று வாதாடவுமில்லை. இன்னும் ஓராண்டு அவகாசம் கேட்கிறான். சுற்றிலும் கொத்தி எருப்போடும் வேலையைத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறான்.

காவிரிக்கரையில் வாழை பயிரிடும் ஜீயபுரத்து மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாடிய கன்றை வரப்பில் நின்று திட்டி எவரும் தேற்றியதில்லை. மண் அணைத்து, எரு வைத்து, நீர் பாய்ச்சுகிறீர்கள். வாழைக்குக் காட்டும் இந்தப் பொறுமையை நாம் பெற்ற பிள்ளைக்குக் காட்டுகிறோமா?

நம் வீடுகளில் அரசுத் தேர்வை மூன்றாம் முறை எழுதித் தோற்ற மகன் இருக்கிறான். குடியை விட்டுவிட்டதாகச் சொல்லி மறுபடியும் விழுந்த தகப்பன் இருக்கிறார். அவர்கள் தவறவிட்டதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை; எல்லாரினும் அதிகமாக அதை அறிந்தவர்கள் அவர்களே. சோற்றுத் தட்டின் முன்னே நாம் சொல்லும் ஒரு சொல், வேரில் வைத்த எருவாகவும் இருக்கலாம். வேரில் விழுந்த கோடரியாகவும் இருக்கலாம். அந்த மகனை அதிகாலையில் எழுப்பிவிடுவதும், அந்தத் தகப்பனோடு மாலை வேளையில் துணைக்கு நடப்பதும் கொத்தி எருப்போடுகிற வேலைதான்.

சென்னை அணிக்கு என்ன ஆயிற்று? ஐந்தாம் ஆட்டத்தில், ஹைதராபாத்துக்கு எதிராக, 90 நிமிடங்கள் கடந்த பின்பே முதல் கோல் வந்தது. 2–1 என வெற்றியும் வந்தது. டிசம்பரில் ஓவன் காயல் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். முதல் நான்கு ஆட்டங்களில் கோலே காணாத லிதுவேனியா வீரர் நெரியுஸ் வால்ஸ்கிஸ், அந்தப் பருவத்தில் 15 கோல்கள் அடித்துத் தங்கக் காலணி விருதைப் பெற்றார். அணி இறுதி ஆட்டம்வரை சென்றது. 2020 மார்ச் 14 அன்று, கொரோனாவினால் பார்வையாளர் எவரும் இல்லாத கோவா அரங்கில், 1–3 எனத் தோற்றது.

ஆம், கோப்பை கிடைக்கவில்லை. அத்திமரம் கடைசியில் கனி கொடுத்ததா என்பதையும் ஆண்டவர் சொல்லவில்லை. மரத்தின் முடிவைச் சொல்லாமல், தோட்டக்காரனின் மனதை மட்டும் நமக்குக் காட்டி நிறுத்துகிறார். பலன் உறுதியான பின் உழைப்பது வியாபாரம். உறுதியாவதற்கு முன்னே மண்வெட்டியை எடுப்பது அன்பு. உங்களையும் என்னையும் இந்நாள்வரை வெட்டிப்போடாமல் வைத்திருப்பது அந்த அன்பே.

இந்த வாரம், உங்கள் வீட்டில் தவறவிட்டுத் தலைகுனிந்து நிற்பவர் யார்? அவரருகே செல்லுங்கள்; கணக்குப் புத்தகத்தை வைத்துவிட்டு, மண்வெட்டியோடு செல்லுங்கள்.

ஜெபம்: எங்களுக்காகப் பொறுமையோடு காத்திருக்கும் ஆண்டவரே, தவறியவரைத் திட்டும் நாவை அடக்கி, அவர் வேரைக் கொத்தி எருப்போடும் கைகளை எங்களுக்குத் தாரும். ஆமென்.