குளிரில் ஓர் உயிர்

முதுமைக் காலத்தில் பல்லி வளர்ப்போம் என்று நாங்கள் கனவிலும் எண்ணியதில்லை. பல்லி சொல்லுக்குப் பலன் பார்க்கும் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். கனடாவில், ஸ்காபரோவிலுள்ள மகளின் வீட்டுக்கு வந்தபோது, பேரனின் அறையிலே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சாண் நீளமான பல்லியொன்று, மஞ்சள் உடலிற் கரும்புள்ளிகளோடு, எங்களைப் பார்த்துக் கண் சிமிட்டியது. எமது சுவர்ப்பல்லிக்கு இமை இல்லை, இதற்கு உண்டு. ஆனால் சுவரேறத் தெரியாது. 'லெப்பர்ட் கெக்கோ' என்றான் பேரன். சிறுத்தைப் பல்லி என்று நாங்கள் பெயரிட்டுக்கொண்டோம். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகியவற்றின் வறண்ட கற்பாங்கான நிலங்களே அதன் பூர்வீகம்.

2013 டிசம்பரில் மகள் குடும்பத்தினர் மொன்றியலுக்குப் புறப்பட்டபோது, பேரன் பராமரிப்பு விதிகளை எழுதி எங்களிடம் தந்தான். வெப்பமான மூலை 32 பாகை இருக்கவேண்டும். பூச்சிகளைக் கல்சியத் தூளிற் புரட்டிக் கொடுக்கவேண்டும். இல்லையேல் எலும்பு வளைந்துவிடும். தோல் உரிவதற்கு ஒரு பொந்தில் ஈரப்பாசி இருக்கவேண்டும். கடைசி வரி: "அம்மம்மா, குளிர விடவேண்டாம்."

22ஆம் திகதி விடியற்காலை உறைபனி மழையால் மரங்கள் முறிந்து மின்கம்பிகள் அறுந்தன. ரொறன்ரோவில் ஏறத்தாழ மூன்று இலட்சம் மின் இணைப்புகள் செயலிழந்தன. வெப்பமூட்டியும் நின்றது. எங்களுக்குக் கம்பளி இருந்தது. தன் உடலிற் சூடு உண்டாக்க முடியாத அந்த உயிருக்கு என்ன இருந்தது?

எரிவாயு அடுப்பைத் தீக்குச்சியாற் பற்றவைத்து நீரைச் சுடவைத்தோம். சுடுநீர்ப் போத்தல்களைத் துணியிற் சுற்றிச் சிறு பெட்டியொன்றில் வைத்து, அவற்றின் நடுவே அதனைக் கிடத்தினோம். உணவு கொடுக்கவில்லை; வெப்பமின்றி அதற்குச் செரிக்காது. வாலிற் சேர்ந்திருக்கும் கொழுப்பே அதன் கட்டுச்சோறு. போத்தல் ஆறும்போதெல்லாம் மாறிமாறி எழுந்தோம்.

1990 முதல் ஐந்து ஆண்டுகள் மின்சாரமின்றி, ஜாம் போத்தல் விளக்கில் வாழ்ந்தவர்கள் நாங்கள். இருள் எங்களுக்குப் புதிதன்று. ஆயினும் இரண்டாம் இரவில், அந்த இருளில், இதுவரை தமக்குள் பேசாத ஒன்றை நாங்கள் இருவரும் பேசினோம். 1995 ஒக்ரோபர் 30 இரவு ஊரைவிட்டுப் புறப்பட்டபோது நாயை அவிழ்த்துவிட்டுப் படலையைச் சாத்தினோம். அது எங்கள் பின்னாலேயே வந்தது. நாவற்குழிப் பாலத்துச் சனநெரிசலில் அதனைக் காணவில்லை. திரும்பிப் பார்க்கவும் இடமிருக்கவில்லை. பிள்ளைகளைக் காப்பாற்றினோம், அது குற்றமன்று என்று அறிவு சொல்லும். பதினெட்டு ஆண்டுகளாக மனம் ஏற்கவில்லை.

24ஆம் திகதி மாலை விளக்கு எரிந்தது. பெட்டியை மெல்ல மெல்லச் சூடேற்றி, மறுநாள் ஒரு புழுவை நீட்டினோம். அது வாலை அசைத்து, பாய்ந்து கவ்வியது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், பேசவில்லை.

இந்த இனம் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. பேரன் வளர்ந்து படிப்புக்காக வேறு நகரம் சென்றுவிட்டான். பல்லி எங்களிடமே இருக்கிறது. அது நாயைப்போல எங்களை நேசிக்கும் என்று சொல்லமாட்டோம். கையின் வெதுவெதுப்பை நாடி வருகிறது, அவ்வளவே. விட்டுவந்த உயிருக்கு இது ஈடாகாது என்பதையும் அறிவோம். ஆயினும் இரவில் வெப்பமானியைப் பார்த்துவிட்டே நாங்கள் உறங்கச் செல்கிறோம்.