கலனை அளந்த வரி

சிறிய அளவில் சாராயம் வடிப்பவர் எனப்படுவோர் யாவர்? அரசுக்கு இவ்வினா வெறும் சொல்லாராய்ச்சியன்று. இதற்கு அது கூறும் விடையைப் பொறுத்தே, அடுப்பு மூட்டியவன் தொழிலாளியாவதும் குற்றவாளியாவதும்.

அமெரிக்கச் சட்டம் இவ்வினாவைச் சாதுரியமாகத் தவிர்த்துக்கொண்டது. அங்கே நூற்றுக்கு 50 பங்கு சாராயச்சத்துடைய ஒரு கேலனே வரியின் அளவுகோல். அதற்குப் பொது வரி 13.50 டாலர். 2018 முதல், எவர் வடிப்பினும் ஆண்டின் முதல் 1,00,000 கேலனுக்கு 2.70 டாலரே வரி. 2020 டிசம்பரில் இச்சலுகை நிலைபெற்றது. பேராலைகளும் இதனைப் பெறுகின்றன. ஆயினும், ஆண்டு முழுதும் வடிப்பது அவ்வெல்லைக்குள் அடங்கும் சிற்றாலைக்கே முழுப்பயன்.

ஸ்காட்லாந்து இத்தெளிவை அடையுமுன் பெரிதும் அல்லற்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், அந்நாட்டில் சாராயத்தை அளவாமல், அதனைக் காய்ச்சும் கலனின் கொள்ளளவை அளந்து ஆண்டு வரி விதித்தனர். தெற்கேயுள்ள தாழ்நிலத்தில், கொள்ளளவின் ஒரு கேலனுக்கு 1786இல் 1 பவுன் 10 ஷில்லிங்காக இருந்த வரி, 1797இல் 54 பவுனாயிற்று. வடிப்போர் வாளாவிருப்பரோ? அடி அகன்று ஆழம் குறைந்த கலன்களைச் செய்தனர். சில நிமிடங்களில் ஒரு காய்ச்சல் முடிந்து மறு காய்ச்சல் தொடங்கிற்று. அடுப்பு இரவிலும் அணையவில்லை. கலனை அளந்த அதிகாரியால் வேகத்தை அளக்க இயலவில்லை. சாராயமோ காரமும் கசப்புமாய் இறங்கிற்று. பாவம், குடித்தவனைப் பற்றி எவரும் கவலைப்பட்டிலர்!

வடக்கு மலைநாட்டின் துன்பம் வேறு. அங்கே குடியானவன் தன் வாற்கோதுமையை வடித்து விற்றே நிலக்குத்தகை செலுத்தினான். 1814இல் வந்த சட்டமோ, 500 கேலனுக்குக் குறைந்த கலனையே அங்கு விலக்கிற்று. அத்துணைப் பெரிய கலனை நிரப்ப அவன் வயலில் விளைச்சல் ஏது? சிறியவன் என ஒருவன் சட்டத்தின் கண்ணுக்கே தெரியாதபோது, அவன் பள்ளத்தாக்கினுள் மறைந்து காய்ச்சினான்.

1816இல் இவ்வெல்லை 40 கேலனாகத் தாழ்ந்தது. 1823ஆம் ஆண்டுச் சட்டம் உரிமக் கட்டணத்தை 10 பவுனாக வைத்து, வடித்த சாராயத்தின் மீதான வரியைப் பாதிக்கும் கீழே குறைத்தது. மறு ஆண்டே கிளென்லிவெட் பள்ளத்தாக்கில் ஜார்ஜ் ஸ்மித் என்பார் உரிமம் பெற்றார். மறைவில் காய்ச்சிவந்த அண்டை அயலார் இதனைத் துரோகமெனக் கருதி, ஆலையைக் கொளுத்துவோம் என மிரட்டினர். வட்டார நிலக்கிழார் ஒருவர் அளித்த இரு கைத்துப்பாக்கிகளை இடையில் செருகிக்கொண்டே, வரி செலுத்திய தம் சரக்குக்கு அவர் காவல் நின்றார்.