ஊருக்குக் கொண்டுபோகும் லென்ஸ்

பல வருடங்களின் பின் எம்மவர் ஒருவர் ஊருக்குப் போக டிக்கெட் போட்டதும் ஒரு விவாதம் தொடங்கிவிடும். கமெராவுக்கு எந்த லென்ஸ் வாங்குவது? லீவு மூன்று கிழமை. காசோ டிக்கெட்டுக்கும் சாமான்களுக்கும் போக மிஞ்சியது. கடைக்காரர் 18 முதல் 200 மி.மீ. வரை நீளும் சூம் லென்ஸைக் காட்டுவார். கோபுரத்தின் உச்சியும் வரும், தேர்த்திருவிழாக் கூட்டமும் வரும். மனம் அதிலேயே போய் நிற்கும்.

எங்கள் அபிப்பிராயம் வேறு. அந்த மூன்று கிழமையில் எதைப் படம் பிடிக்கப் போகிறோம் என்பதை முதலில் கேட்க வேண்டும். எங்களில் அநேகரின் வீடுகளில் அம்மம்மாவின் படம் என்று இருப்பது அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்ததுதான். 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு நடந்தவர்கள் உறுதியையும் நகையையும் பிள்ளைகளையும் கொண்டுவந்தார்கள். அல்பங்களைப் பலர் கொண்டுவரவில்லை. பிறகு மரண அறிவித்தலில் அந்த அட்டைப் படமே வருகிறது. அது எங்களைப் பார்த்த முகமல்ல, அரசாங்கத்தைப் பார்த்த முகம்.

எங்களுக்கு வேண்டியவர்கள் வெயிலில் நிற்பதில்லை. குசினியிலும் விறாந்தையிலும், பின்னேரம் லைற் போடமுதல் இருக்கிற மங்கலிலும்தான் இருக்கிறார்கள். கோபுரத்தையும் கடற்கரையையும் கைத்தொலைபேசியே நன்றாகப் பிடித்துத் தரும். ஆகவே காசை வெளிச்சத்துக்குச் செலவழிக்க வேண்டும். கமெராவோடு வருகிற 18-55 சூமில் முகத்தைக் கிட்டக் கொண்டுவந்தால் துவாரம் பெரும்பாலும் எஃப் 5.6க்குச் சுருங்கிவிடும். எஃப் 1.8 லென்ஸ் அதைவிடப் பத்து மடங்களவு வெளிச்சத்தை உள்ளே விடும். செக்கனில் ஆறிலொரு பங்கு அசையாமல் இருக்கச் சொல்ல வேண்டிய இடத்தில் அறுபதிலொரு பங்கு போதும். வயதானவர்களின் கை நடுங்கும். அது படத்தில் தெரியாது.

இத்தகைய லென்ஸ்தான் மலிவானதும். கனொனின் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் 1987 முதல் வருகிறது. 2015இல் வந்த வடிவத்தின் விலை அப்போது 125 டொலர், நிறை 160 கிராம். சிறிய சென்சர் கொண்ட கமெராவென்றால் 50 மி.மீ. ஏறத்தாழ 80 போலாகிவிடும். சிறிய அறையில் முதுகு சுவரில் முட்டும். அதற்கு 35 மி.மீ. நல்லது. நிக்கோன் 2009இல் வெளியிட்ட 35 எஃப் 1.8இன் நிறை 200 கிராம். பெரிய சூமோ அரைக் கிலோவுக்கு மேல். மிச்ச நிறைக்குச் சொக்கிலேற் கொண்டுபோகலாம்.

பழையதை வாங்குபவர்கள் லென்ஸின் பின்னால் ரோச் அடித்துப் பார்க்க வேண்டும். சிலந்திவலை போல இழை தெரிந்தால் பூஞ்சணம், விட்டுவிடுங்கள். துவாரத்தின் தகடுகளில் எண்ணெய்ப் பசையும் இருக்கக்கூடாது. இங்குள்ள பழைய பொருட் சந்தைகளில் சோவியத் காலத்து ஹீலியோஸ் 58 மி.மீ. எஃப் 2 கிடைக்கும். கண்ணாடியில்லாக் கமெராவில் ஓர் இணைப்பு வளையத்தோடு பூட்டலாம், குவியத்தைக் கையால் திருப்ப வேண்டும், அவ்வளவுதான்.

சூம் இல்லையே என்பார்கள். இல்லை, கிட்ட நடந்து போக வேண்டும். ஹென்றி கார்ட்டியே-ப்ரெஸோன் தன் வேலையில் பெரும்பகுதியை ஒரு 50 மி.மீ. லென்ஸால்தான் செய்தார். எங்களுக்கு அதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. எங்கள் சனங்களைத் தூரத்தில் நின்று படம் பிடித்தவர்கள் போதும். 2009இல் வவுனியா முகாம்களின் முள்ளுக்கம்பிக்குப் பின்னால் நின்ற முகங்களை உலகமெல்லாம் பார்த்தது. அந்த முகங்களில் எத்தனை பேரிடம் ஒரு சொல் கேட்டிருப்பார்கள்? கிட்டப் போனால் கேட்காமல் எடுக்க முடியாது. “ஒரு படம் எடுக்கட்டோ?” என்றால், “பொறு மோனை, சீலையை மாத்திக்கொண்டு வாறன்” என்று பதில் வரும். அந்த நேரத்தைக் கொடுக்க வேண்டும். வந்திருந்து கதைக்கத் தொடங்கிய பிறகு எடுக்கிற படமே எங்களுக்கு வேண்டிய படம்.

லென்ஸில் மிச்சம் பிடித்த காசில் இன்னொன்றும் செய்யலாம். திரும்பி வரமுதல் பக்கத்து ஸ்ரூடியோ ஒன்றில் படங்களைப் பிரதி எடுத்து அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள். அந்த வீட்டுச் சுவர்களிலும் ஆணி வெறுமையாகத்தான் இருக்கிறது.