நிறுத்தச் சொன்ன பின்பு



நம் சபையைச் சேர்ந்த ஒரு வாலிப சகோதரர், கணினிக்கு மென்பொருள் எழுதுபவர், சில வாரங்களாக உறக்கமின்றித் தவித்தார். மருத்துவமனையில் நோயாளியின் படுக்கையருகே நின்று நாடித்துடிப்பை அறிவிக்கும் கருவி ஒன்றுக்கு அவர் நிரல் எழுதுகிறார். அந்தக் கருவி பத்து நாட்கள் செவ்வனே இயங்கும். பதினோராம் நாள் காரணமின்றி உறைந்து நிற்கும். அதைக் குறித்து இரண்டு மாலைப்பொழுதுகள் அவர் எனக்கு விளக்கினார். எபிரெயமும் கிரேக்கமும் பயின்ற எனக்கு இது மூன்றாவது அந்நிய பாஷை. ஆயினும் பொருள் விளங்கியபோது, இதை உங்களோடு பகிர்ந்துகொள்ளாமல் இருக்க இயலவில்லை.

ஒரு நிரல் ஒரே ஆள் செய்யும் வேலையைப் போன்றதன்று. அதற்குள் பல கைகள் ஒரே நேரத்தில் இயங்குகின்றன. அவற்றைத் ‘திரெட்’ என்கிறார்கள். அவை யாவும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. வேலை செய்ய இடம் தேவையானால் கேட்டுப் பெற வேண்டும். முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். திருப்பிக் கொடுத்த இடம் அடுத்த கணமே வேறொருவருக்கு ஒதுக்கப்படலாம்.

இனி, ஒரு வேலையைப் பாதியில் ரத்து செய்யும் தருணத்தை எண்ணிப்பாருங்கள். ஆலய கோபுரத்துக்கு வெள்ளையடிக்க ஒருவர் ஏணியில் ஏறியிருக்கிறார். கீழே நிற்பவர், “போதும், நிறுத்துங்கள்” என்று கூவுகிறார். கூவிய கையோடு ஏணியையும் எடுத்துவிடுகிறார். மேலே இருப்பவருக்குச் சத்தம் கேட்டதா, கேட்டும் அவர் இறங்கிவிட்டாரா என்று பார்க்கவில்லை. கணினியில் நடப்பது இதுவே. ரத்து செய்தல் என்பது ஒரு வேண்டுகோள் மட்டுமே. வேலை நின்றுவிட்டது என்பதற்கு அது சான்றாகாது. ஆனால் கட்டளையிட்ட திரெட், வேலை முடிந்துவிட்டதாகக் கருதி நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. மற்றத் திரெட்டோ இன்னும் அந்த இடத்திலேயே எழுதிக்கொண்டிருக்கிறது.

இதில் கொடுமையானது, தவறு உடனே வெளிப்படுவதில்லை என்பதே. கைவிடப்பட்ட இடத்தில் பழைய எழுத்துகள் சற்று நேரம் அழியாமல் இருக்கும். ஆகவே பிழையான வாசிப்பும் சரியான விடையையே தரும். என்றோ ஒருநாள் அந்த இடம் வேறொரு பகுதிக்கு ஒதுக்கப்பட்டிருக்கும்போது, அந்த அப்பாவிப் பகுதி நிலைகுலையும். பழி அதை எழுதியவர்மேல் விழும். நம் சகோதரரின் அலுவலகத்திலும் அப்படியே, தொடர்பற்ற ஒருவர் மூன்று நாட்கள் குற்றம் சுமந்தாராம்.

இது அரிதான பிழையும் அன்று. குரோம் உலாவிக்கு அடித்தளமான குரோமியம் திட்டத்தார் 2020ஆம் ஆண்டு, தங்கள் கடுமையான பாதுகாப்புக் குறைகளில் ஏறத்தாழ 70 சதவீதம் நினைவகப் பிழைகள் என்றும், அவற்றில் ஏறக்குறைய பாதி திருப்பிக் கொடுத்த இடத்தை மீண்டும் தொட்டதால் வந்தவை என்றும் அறிவித்தார்கள்.

வலுக்கட்டாயமாக நிறுத்திவிட்டால் என்ன என்று நானும் கேட்டேன். ஜாவா மொழியில் அப்படி ஒரு கட்டளை இருந்தது. 1998இல் வந்த பதிப்பிலேயே அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்துவிட்டார்கள். பாதியில் கொல்லப்பட்ட திரெட் தன் பூட்டுகளையெல்லாம் திறந்துவிட்டே மறையும். அரைகுறையாக மாற்றப்பட்ட தரவு, காவலின்றி மற்றவர் கையில் சிக்கும்.

ஆகவே சரியான வழி, சொல்லிவிட்டுக் காத்திருப்பது. லினக்ஸ் கர்னலில் இந்த வேறுபாடு பெயரிலேயே இருக்கிறது. ‘கேன்சல்_ஒர்க்’ என்பது, வரிசையில் காத்திருக்கும் வேலையை நீக்கும். ஓடிக்கொண்டிருக்கும் வேலைக்காகக் காத்திராது. ‘கேன்சல்_ஒர்க்_சிங்க்’ என்பது, ஓடும் வேலை முடியும்வரை நின்று பார்த்த பின்பே திரும்பும். ஒரு சொல் கூடுதல், அவ்வளவே.

அத்துடன் முடிந்துவிடும் என்றே நான் எண்ணினேன். சகோதரர் சிரித்தார். காத்திருப்பவர், மற்றவருக்குத் தேவையான பூட்டைத் தம் கையில் வைத்துக்கொண்டே காத்திருந்தால் இருவரும் என்றென்றும் நிற்க வேண்டியதுதான். மேலும் சில நிரல்களில், நேரங்காட்டி ஒரு வேலையை எழுப்பும். அந்த வேலை நேரங்காட்டியை மீண்டும் முடுக்கிவிடும். ஒன்றை நிறுத்தினால் மற்றது அதை உயிர்ப்பிக்கும். எதை முதலில் நிறுத்துவது? இதற்கென்றே 2023இல் வெளிவந்த லினக்ஸ் 6.2 பதிப்பில், நேரங்காட்டியை நிரந்தரமாக மூடும் ஒரு வழியைச் சேர்த்தார்கள். மூடப்பட்ட பின் யார் முடுக்கினாலும் அது அசையாது. அதன்பின் வேலையை நிறுத்தி, கடைசியாக நினைவகத்தை விடுவிக்கலாம்.

சகோதரரின் மேலாளர் வேறொரு மருந்து கூறினார். நினைவகத்தை விடுவிக்குமுன் அரை நொடி தாமதம் வைத்தால் போதும், திங்கட்கிழமை அனுப்பிவிடலாம் என்றார். அப்படிச் செய்தால் பிழை பெரும்பாலும் மறைந்தே போகும் என்பதும் உண்மை. நம்மவர், “அந்த வேலை அரை நொடிக்கு மேல் எடுத்தால் என்ன செய்வது?” என்று கேட்டார். பதில் வரவில்லை. நாடித்துடிப்பைக் காட்ட வேண்டிய கருவிக்கு இப்படிப்பட்ட ‘பெரும்பாலும்’ போதாது என்பதில் எனக்கும் ஐயமில்லை. வேலையில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாதவர் அதை மேலாளரிடம் கேட்டது சிறிய காரியமன்று.

அவர் அதே தாமதத்தை எதிர்ப்பக்கத்தில் வைத்தார். வேலை செய்யும் திரெட்டை வேண்டுமென்றே மெதுவாக்கினார். பதினோரு நாட்களுக்கு ஒருமுறை வந்த பிழை, இப்போது ஒவ்வொரு முறையும் வந்தது. லினக்ஸில் ‘கேசான்’ என்னும் சோதனைக் கருவி உண்டு. விடுவிக்கப்பட்ட இடத்தை உடனே மறுபடி ஒதுக்காமல் தடுத்துவைத்து, யாராவது தொட்டால் அறிவிக்கும். அதன் அறிக்கையை எனக்குக் காட்டினார். இந்த இடத்தைக் கேட்டுப் பெற்றவர் யார், விடுவித்தவர் யார், பின்பு தொட்டவர் யார் என்று மூன்று தடங்கள் அதில் இருந்தன. மூன்று நாட்கள் பழி சுமந்தவரின் நிரல் அவற்றில் ஒன்றிலும் இல்லை. அந்தத் தாளை முதலில் அவருடைய மேசையில் கொண்டுபோய் வைத்ததாகச் சகோதரர் சொன்னார்.

கருவி ஒரு வாரம் தாமதமாகப் புறப்பட்டுச் சென்றது. அணைக்கும்போது இப்போது ஒரு கணம் கூடுதலாகக் காத்திருக்கிறதாம். அதைக் குறித்து ஒருவர் புகாரும் எழுதியிருக்கிறார்.