தலக்கோனாவில் தங்கி நடக்க

காளஹஸ்தியிலிருந்து மேற்கே, திருப்பதியைத் தாண்டினால் சேஷாசலக் காடு. 2010-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வேங்கடேஸ்வரா தேசியப் பூங்கா இதனுள் அடங்கும். தங்கிப் பார்க்க உகந்த இடம் தலக்கோனா. வனத்துறை உள்ளூர் மக்களோடு சேர்ந்து நடத்தும் விடுதி அங்கே உண்டு. சித்தேஸ்வரர் கோயிலைக் கடந்து ஏறும் பாதை, சுமார் 270 அடி உயர அருவியில் முடிகிறது. வழியெங்கும் மரங்களைப் பின்னிப் படரும் பெருங்கொடிகள். அவற்றின் காய்கள் ஒரு மீட்டருக்கு மேலும் நீளும்.

செம்மரத்தின் தாயகம் இந்த மலைத்தொடர்தான். கடத்தலுக்காக வெட்டப்பட்டு இன்று அழியும் நிலைக்கு வந்திருக்கிறது. அதன் கரிய, முதலைத்தோல் போல வெடித்த பட்டையைத் தொட்டுப் பார்க்காமல் திரும்பக் கூடாது.

சிறுத்தை, செந்நாய், கடமான், தேவாங்கு எல்லாம் இங்கே உண்டு. ஆனால் பகலில் நடப்பவர் கண்ணில் படுவது பெரும்பாலும் குரங்கும் மலை அணிலும்தான். பொறுமை உள்ளவர்கள் பாறைச் சரிவுகளில் மஞ்சள்தொண்டைச் சின்னானைத் தேடலாம். தென்னிந்தியப் பாறைக் குன்றுகளைத் தவிர வேறெங்கும் வாழாத பறவை அது. ஓடையோர நிழற்பாறை இடுக்குகளில் பொன்பல்லி ஒளிந்திருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பொன்மஞ்சளாக மின்னும். பல பெண் பல்லிகள் ஒரே பாறையில் முட்டைகளைக் கொத்தாக ஒட்டிவைக்கும். கைபடாமல் விட்டுவிட வேண்டும்.

மழைக்குப் பிந்தைய மாதங்களில், விடிந்ததும் உள்ளூர் வழிகாட்டியோடு கிளம்புவது நல்லது. கோடையில் அருவி மெலிந்துவிடும். காட்டுத்தீ அச்சமும் அப்போதுதான் அதிகம்.