கட்டியில்லாத புற்று

எங்கள் தந்தையாருக்கு மாலைதோறும் காய்ச்சல் வரத் தொடங்கியபோது நாங்கள் மூவரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. அம்மா மறைந்து ஆறு மாதமே ஆகியிருந்தது. உணவில் விருப்பமின்மை, உடல் மெலிவு, ஓயாத சோர்வு அனைத்துக்கும் துயரமே காரணம் என்று எங்களுக்குள் முடிவுசெய்துகொண்டோம். "எழுந்து கொஞ்சம் நடங்கப்பா" என்று கடிந்தும் கொண்டோம். நாற்பது ஆண்டுகள் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவர், ஒரு நாள் வங்கிப் படிவத்தில் தம் பெயரையே பிழையாக எழுதினார். அன்றுதான் அஞ்சினோம்.

டைபாய்டு, மலேரியா, காசநோய் எனச் சோதனைகள் நீண்டன, எதுவும் அகப்படவில்லை. இரத்தசோகை இருந்தது. எல்.டி.எச். என்னும் நொதி மிக உயர்ந்திருந்தது. ஆயினும் நிணநீர்க் கணுக்கள் வீங்கவில்லை; ஸ்கேனில் கட்டியும் இல்லை. மூளைப் படத்தில் சிறு சிறு அடைப்புகளின் தடங்கள் தெரிந்தன. வயதானால் வருவதுதான் என்றார் ஒரு மருத்துவர். நாங்களும் அதை நம்பவே விரும்பினோம்.

மூன்றாம் மாதத்தில் இரத்தவியல் மருத்துவர் ஒருவர், தொடையிலும் வயிற்றிலும் மாசுமருவற்ற தோலிலிருந்து கொழுப்புவரை ஆழமாகத் திசு எடுக்கவேண்டும் என்றார். நல்ல தோலை ஏன் வெட்டவேண்டும் என்று வாதிட்டோம். அப்பாதான் தடுத்தார்: "அச்சுப்பிழை சுத்தமான பக்கத்துலதான் ஒளிஞ்சிருக்கும்."

அங்கேதான் இருந்தது. நுண்குழாய்களுக்குள் பெரிய பி வகை லிம்போசைட்டுகள் அடைந்து கிடந்தன. இரத்தக்குழாய்க்குள் வளரும் அரிய லிம்போமா. 1959இல் பிளேகர், டாப்பைனர் என்னும் மருத்துவர்கள் இதை முதன்முதலில் விவரித்தபோது குழாய்ச் சுவரின் நோய் என்றே கருதப்பட்டது. 1980களில்தான் வெள்ளணுக்களின் புற்று எனத் தெளிவாயிற்று. குழாயைவிட்டு வெளியேறத் துணைசெய்யும் ஒட்டுப் புரதங்கள் சில இவ்வணுக்களில் இல்லாததால் உள்ளேயே பெருகுகின்றன என்பர். எவ்வுறுப்பை அடைக்கிறதோ அவ்வுறுப்பின் நோய்போல் வேடமிடும். முன்பெல்லாம் பலருக்கு உடற்கூறாய்வில்தான் தெரியவந்தது.

ரிட்டுக்சிமாப் சேர்ந்த கீமோதெரபியின் முதல் சுற்றிலேயே காய்ச்சல் தணிந்தது. அடைபட்ட இடங்களில் அழிந்த சொற்கள் மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. அந்த மூன்று மாதங்களை எண்ணாமல் எங்களால் இருக்க இயலவில்லை. காரணமறியாக் காய்ச்சல், உயர்ந்த எல்.டி.எச்., குழம்பும் நினைவு ஆகியவை ஒருவரிடம் சேர்ந்து தோன்றினால் இந்நோயைக் குறித்தும் மருத்துவரிடம் கேளுங்கள். அதற்காகவே இதை எழுதினோம்.

எங்கள் மூவரின் பெயரையும் அப்பா இப்போது மாற்றி மாற்றி அழைக்கிறார். நாங்கள் திருத்துவதில்லை.