ஒரு வீரரும் ஒரு கணுக்காலும்

யூபிலி மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, கல்லூரியின் பழங்கதைகளை எழுத வல்லார் பலர் உளராதலின், நெடுநாளாக எம் மனத்தில் நிலைத்த ஓர் உதைபந்தாட்ட வீரரைப் பற்றி எழுதத் துணிந்தோம். அவர் நம் நாட்டவரல்லர்; ஒல்லாந்தர். பெயர் மார்க்கோ வான் பாஸ்டன். அவரைப் பற்றி எழுதுவதில் எமக்கு ஒரு கடனும் உண்டு. அஃது ஈற்றிற் புலனாகும்.

அவர் 1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் 31 ஆம் நாள் உத்றெக்ற் நகரிற் பிறந்தார். 1982 ஏப்பிரில் 3 ஆம் நாள், பதினேழு வயதில், ஆம்ஸ்டர்டாம் நகரின் அயக்ஸ் கழகத்துக்காக முதன்முதலாகக் களமிறங்கினார். அன்று அவருக்கு இடங்கொடுத்து வெளியேறியவர், ஒல்லாந்தின் ஒப்பற்ற ஆட்டக்காரரான யொகான் குறைவ். பெரியவர் விட்ட இடத்தில் இறங்கிய இளைஞர் அன்றே ஒரு கோலும் போட்டார். அக்கழகத்துக்காக ஆடிய 133 சுற்றுப்போட்டி ஆட்டங்களில் அவர் போட்டவை 128 கோல்கள். நெடிய உருவினர்க்கு நளினம் வாய்ப்பது அரிது என்பர். ஆறடிக்கு மேற்பட்ட உயரமுடைய இவரோ பந்தைக் காலால் ஏந்தும்போது, தாயொருத்தி துயிலும் மகவை ஏந்தும் மென்மையைக் காணலாம்.

1986 டிசெம்பரில், குறோனிங்கன் கழகத்துடன் நிகழ்ந்த ஆட்டமொன்றில் அவர் கணுக்கால் காயமுற்றது. அது முற்றும் ஆறுமுன்னரே அவர் ஆட வேண்டியிருந்தது. 1987 மே மாதத்தில் ஏதென்ஸ் நகரில் லைப்சிக் அணிக்கெதிரான ஐரோப்பியக் கிண்ண வெற்றியாளர் கிண்ண இறுதியாட்டத்தில், அணித்தலைவராக நின்று அவ்வாட்டத்தின் ஒரே கோலைத் தலையால் முட்டிப் போட்டார். பின்னர் இத்தாலியின் மிலான் கழகத்துக்குச் சென்றார். ஆங்கு முதலாண்டிற் சத்திரசிகிச்சையின் பொருட்டு அவர் பெரும்பாலும் ஆடாதிருக்க நேர்ந்தது.

அதனாலேயே 1988 ஆம் ஆண்டு மேற்கு ஜேர்மனியில் நடந்த ஐரோப்பிய நாடுகளின் போட்டிக்கு, பன்னிரண்டாம் இலக்கச் சட்டையுடன் மேலதிக வீரராகவே அவர் சென்றார். முதலாட்டத்திற் சோவியத் அணியிடம் ஒல்லாந்து தோற்றது. அடுத்த ஆட்டத்தில் இங்கிலாந்துக்கெதிராக அவரே மூன்று கோல்களும் போட்டார். அரையிறுதியில், ஹம்பேர்க் நகரில், மேற்கு ஜேர்மனியை வீழ்த்திய கோலை ஆட்டம் முடியுந் தறுவாயிற் போட்டார். யூன் 25 ஆம் நாள் மியூனிக் நகரின் ஒலிம்பிக் அரங்கில் இறுதியாட்டம். சோவியத் அணியே மீண்டும் எதிர்நின்றது.

அந்தக் கோலை நாம் பின்னாளில் ஒளிப்பதிவு நாடாவிற் கண்டோம். எத்தனைமுறை கண்டோம் என்பதற்குக் கணக்கில்லை. முப்பத்தேழு வயதான ஆர்னோல்ட் மூறன் இடப்புறத்திலிருந்து பந்தை உயர எற்றுகிறார். பந்து வலப்புறத்தே, கோலுக்கு நேர்நின்று உதைக்க இயலாத ஓரத்தில் இறங்குகிறது. வான் பாஸ்டன் அதை நிலத்தில் விழவிடாது வலக்காலால் உதைக்கிறார். உலகப் புகழ்பெற்ற கோல்காப்பாளர் றினாற் தசாயெவின் தலைக்குமேலாகச் சென்று பந்து வலையினுட் புகுகிறது. ஒல்லாந்து இரண்டுக்குப் பூச்சியமாக வென்று, முதன்முறையாக ஒரு பெருங்கிண்ணத்தைக் கைக்கொண்டது.

அதன்பின் மிலானில் அவருடைய பொற்காலம். 1989 இல் ஐரோப்பியச் சம்பியன் கழகங்களின் இறுதியாட்டத்தில் இரு கோல்கள், மறுவருடமும் அக்கிண்ணம். 1988, 1989, 1992 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பொற்பந்து விருது. தோல்வியும் அவரை அறியாததன்று: 1990 உலகக் கிண்ணப் போட்டியில் ஒரு கோலேனும் போட்டிலர், 1992 ஐரோப்பிய அரையிறுதியில் அவருடைய தண்ட உதையை டென்மார்க்கின் கோல்காப்பாளர் தடுத்தார். அதே ஆண்டு நவம்பரில் சுவீடன் நாட்டுக் கழகமொன்றுக்கெதிராக ஓராட்டத்தில் நான்கு கோல்கள் போட்டார். அடுத்த மாதமே மீண்டும் சத்திரசிகிச்சை.

1993 மே 26 ஆம் நாள் மார்செய்ல் கழகத்துடன் இறுதியாட்டம். இடம், ஐந்தாண்டுகளுக்கு முன் அந்தக் கோலைக் கண்ட அதே மியூனிக் அரங்கு. மிலான் தோற்றது, ஆட்டம் முடியுமுன்னரே அவர் வெளியேறினார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. அதன்பின் அவர் போட்டியாட்டம் எதிலும் ஆடவில்லை. ஈராண்டு காத்திருந்து, 1995 ஓகத்து மாதத்திற் சான் சிறோ அரங்கைச் சாதாரண உடையுடன் ஒருமுறை சுற்றிவந்து விடைபெற்றார். பயிற்றுநர் கப்பெல்லோ கண்ணீர் உகுத்தார். இரவிற் குளியலறைக்குத் தவழ்ந்து செல்லவேண்டியிருந்த அந்நாள்களைப் பற்றி வான் பாஸ்டன் பிற்காலத்திற் தம் நூலில் எழுதியுள்ளார். ஈற்றில், மூட்டை அசையாதவாறு பொருத்திய சத்திரசிகிச்சையே நோவைத் தணித்தது.

அக்கணுக்காலைக் கெடுத்தது இன்ன உதைதான் என ஒன்றைச் சுட்டுதல் இயலாது. முதற்காயமும், அதன்மேல் ஆடிய ஆட்டங்களும், தடுப்பாளர் கால்களும், சத்திரசிகிச்சைகளும் எல்லாம் சேர்ந்தே கெடுத்தன. ஆயினும், எதிராளிக்கு ஊறு நேருமாறு பின்னிருந்து பாய்வோரை வெளியேற்றவேண்டுமென ஆட்டவிதி 1998 ஆம் ஆண்டில் தெளிவாக எழுதப்பெற்றபோது, நாம் அவரையே நினைத்தோம். இன்னொருவரையும் நினைத்தோம்.

எழுபதுகளில் நம் கல்லூரி மைதானத்தில் நடந்த இல்லப்போட்டி ஒன்றில் நாம் வலப்புறத் தடுப்பாளராக நின்றோம். எதிரில்லத்து முன்னணி ஆட்டக்காரர் எம்மினும் இரண்டு வயது இளையவர்; இருமுறை எம்மைக் கடந்து சென்றார். மூன்றாம் முறை கடந்தபோது பின்னிருந்து அவர் காலை உதைத்தோம். பந்து எங்கே இருந்தது என்பதை நாம் பார்க்கவில்லை. எம் இல்லத்தார் கைதட்டினர். இருவர் தாங்க அவர் நொண்டிக்கொண்டு வெளியேறினார். கல்லூரி முதலணியில் அவர் ஆடுவார் என எல்லோரும் எண்ணியிருந்தனர். அவர் பின்னர் ஆடவேயில்லை.

பல்லாண்டு கழித்து ஒரு திருமண வீட்டில் அவரைச் சந்தித்தோம். "அண்ணை, சுகமா?" என்று அன்போடு கை பற்றினார். ஆசிரியர்களைப் பற்றிப் பேசினோம்; பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். கணுக்காலைப் பற்றி அவர் பேசவில்லை, நாமும் பேசவில்லை. பந்திக்கு எழுந்து செல்கையில் அவர் சற்றே காலைச் சாய்த்து நடப்பதை மட்டும் கண்டோம்.

இன்று அம்மைதானத்தில் ஆடும் மாணாக்கர் தம்மைக் கடந்து செல்பவனைக் கடந்து செல்ல விடுதல் இழிவன்று. ஒரு கோல் போனால் இன்னொரு கோல் போடலாம். கால் அவ்வாறானதன்று.

இம்மலர் அந்தத் தம்பியின் கையிற் சேருமாயின், அன்று சொல்லாததை இங்குச் சொல்கிறோம்: தவறு எம்முடையதே. பொறுத்தருள்க.